நாரி நோவும் சின்ன வெள்ளைக் குளிசையும்

வயலிலும் தோட்டத்திலும் உழைத்துத் தேய்ந்த எம்மக்களிடையே ஒரு குளிசைக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதன் பெயர் பலருக்குத் தெரியாது. "அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை" என்றே கேட்டு வாங்குவார்கள். முழங்கால் வீங்கி நடக்க முடியாமற் கிடந்தவர், அதை இரண்டு நாள் போட்டதும் எழும்பி மண்வெட்டியை எடுக்கிறார். முட்டு வருத்தத்தால் இரவிரவாகக் குந்தியிருந்தவர் நித்திரை கொள்கிறார். பசி எடுக்கிறது. முகமும் பூரித்து வருகிறது. பிறகென்ன? குளிசை முடிந்ததும் பழைய துண்டைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் இன்னும் ஓர் அட்டை வாங்குவது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அதே உளைவு என்றால் அவவுக்கும் நாலு குளிசை கொடுப்பது என்று மாதங்கள் ஓடி ஆண்டுகளாகிவிடுகின்றன.

ஒருநாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது நாரியில் 'சடக்' என்று ஒரு வலி. விழவில்லை, அடிபடவும் இல்லை. ஆகவே சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் பூசி உருவுகிறார்கள். வலி மாறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால், முள்ளந்தண்டின் எலும்பொன்று நசிந்து போயிருக்கிறது. வயது எழுபதும் அல்ல, எண்பதும் அல்ல. ஐம்பதைக் கூடத் தொட்டிருக்கமாட்டார். வாளித் தண்ணீருக்கே முறிகின்ற எலும்பு எப்படி வந்தது என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

அந்த வெள்ளைக் குளிசை பெரும்பாலும் பிரெட்னிசொலோன். டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன் என்பனவும் அதன் உடன்பிறப்புகள். இவையெல்லாம் ஸ்ரெரோயிட் என்னும் மருந்து வகையைச் சேர்ந்தவை. இவ்வகை மருந்து எலும்புக்கு என்ன செய்கிறது, பாவித்தே ஆகவேண்டியவர்கள் தம்மை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம். இடம்பெயர்ந்து ஊர் ஊராகப் போய்வந்த குடும்பங்களுக்கு இவ்விடயத்தில் தனியான ஆபத்தொன்றும் இருக்கிறது. அதனையும் சொல்வோம்.

மருந்துக்கு முன்னரே தெரிந்த தீமை

ஸ்ரெரோயிட் வெளியே இருந்து வந்த புதுச் சரக்கு அல்ல. எங்கள் ஒவ்வொருவருடைய உடலிலும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதனைச் சிறிதளவில் நாள்தோறும் சுரக்கின்றன. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அளவுக்கு மிஞ்சினால்தான் வில்லங்கம்.

அந்த வில்லங்கத்தை 1932ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் புகழ்பெற்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹாவி குஷிங் எழுதி வைத்துவிட்டார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாற்றோடு தொடர்புபட்டதென அவர் விவரித்த ஒரு நோயில், நோயாளரின் முகம் உருண்டது, வயிறு பருத்தது, தோல் மெலிந்து இலகுவில் கன்றியது. முதுகு கூனி உயரம் குறைந்ததையும் நாரி வலித்ததையும் அவர் குறித்திருக்கிறார். அந்நோயில் அதிரீனல் சுரப்பிகள் தூண்டப்பட்டு அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. உடலுக்குள்ளேயே மிகுதியாக ஊறிய ஸ்ரெரோயிட்தான் எலும்பை அரித்தது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1948 செப்ரெம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர், மூட்டுவாதத்தால் படுக்கையோடு முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு கோட்டிசோன் என்னும் ஸ்ரெரோயிட்டை ஊசி மூலம் ஏற்றினார். சில நாட்களுக்குள் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஒரு கிழமைக்குள் கடைத்தெருவுக்கே போய்வந்தார். உலகம் வியந்தது. 1950இல் ஹென்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்ரைன் என்னும் இரு இரசாயன அறிஞர்களுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அந்த மகிழ்ச்சி ஆறுவதற்கு முன்னரே, மருந்தை நீண்டநாள் எடுத்தவர்களிடம் குஷிங் கண்ட அதே உருண்ட முகமும் கூனிய முதுகும் தோன்றத் தொடங்கின. தீமை புதிதல்ல. வந்த வழிதான் புதிது.

இதனால் ஸ்ரெரோயிட் கூடாத மருந்து என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். கடும் முட்டு வருத்தத்தில் உயிர் காப்பது அதுவே. பிள்ளைகளுக்கு உடல் ஊதி, சிறுநீரில் புரதம் கழிகின்ற சிறுநீரக நோயிலும், தொழுநோய்ச் சிகிச்சையின் இடையே நரம்புகள் வீங்கும்போதும் அதற்கு ஈடான மருந்து இலகுவில் கிடையாது. 2020இல் கொவிட் நோய் பரவியபோது, ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளரின் இறப்பைக் குறைத்ததாக முதன்முதலில் நிரூபிக்கப்பட்ட மருந்து, விலை மலிந்த டெக்சாமெதசோன்தான். அதுவும் நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாட்களுக்கு மேற்படாமல். அளவும் காலமும் வைத்தியர் கையில் இருந்தன என்பதைக் கவனிக்கவேண்டும்.

மண்சுவரும் எலும்பும்

எலும்பைக் கல்லுப்போல உயிரற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். மண்சுவர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதனை விளக்குவது இலகு. மாரி முடிந்ததும் சுவரில் கரைந்த, உக்கிய பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, புதுமண் குழைத்து அப்புவோம் அல்லவா? அதே வேலை எலும்புக்குள் இரவு பகலாக நடக்கிறது. ஒருவகை உயிர்க்கலங்கள் பழைய எலும்பைக் கொத்தி அகற்றுகின்றன. இன்னொரு வகை புதிய எலும்பை அப்புகின்றன. இரண்டும் ஒத்து நடக்கும்வரை சுவர் உறுதியாக நிற்கும்.

ஸ்ரெரோயிட் அளவுக்கு மிஞ்சும்போது, அப்புகின்ற கலங்கள் குறைந்துபோகின்றன, இருப்பவையும் சோர்ந்துவிடுகின்றன. கொத்துகின்ற கலங்களோ, விசேடமாகத் தொடக்க மாதங்களில், வழமையிலும் நீண்டநாள் உயிரோடிருந்து கொத்துகின்றன. சுவருக்கு வேண்டிய மண்ணும் தட்டுப்படுகிறது: உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சுகின்ற கல்சியம் குறைகிறது, சிறுநீரோடு வெளியேறும் கல்சியம் கூடுகிறது. போதாக்குறைக்கு, எலும்பைக் காக்கின்ற ஆண், பெண் ஓமோன்களும் குறைகின்றன. தொடைத் தசைகள் மெலிந்து, குந்தியிருந்து எழும்பும்போது கை ஊன்றவேண்டி வருகிறது. தசை தளர்ந்தவர் விழுகிறார். விழுந்தால் எலும்பு தாங்காது.

உள்ளே தேன்கூடு போல அமைந்த எலும்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. முள்ளந்தண்டு அப்படிப்பட்டது. ஆகவேதான் நாரியும் முதுகும் முதலிற் சொல்கின்றன. பலருக்கு அதுவும் சொல்வதில்லை. நோவே இல்லாமல் எலும்பு நசிந்து, உயரம் குறைந்து, கூன் விழுந்த பின்னர்தான் தெரியவருகிறது. விலா எலும்பும் இடுப்போடு சேரும் தொடையெலும்பும் அடுத்தவை.

தொடையெலும்பில் வேறொரு கேடும் நேரலாம். அதன் உருண்டைத் தலைக்குச் செல்லும் இரத்தம் குன்றி, அப்பகுதி மரக்கொப்புப் போலப் பட்டுப்போய்விடும். கவட்டில் வலி, நொண்டி நடத்தல், காலை அகட்ட முடியாமை என்பன அதன் குறிகள். ஸ்ரெரோயிட் எடுக்கும், அல்லது முன்பு எடுத்த ஒருவருக்கு இவ்வாறு வலித்தால் வாதம் என்று சொல்லித் தைலத்தோடு இருந்துவிடக் கூடாது. இது இளம் வயதினரையும் விட்டுவைப்பதில்லை.

எத்தனை நாளில், எவ்வளவு குளிசையில்?

"நான் ஒரு குளிசைதானே போடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. பிரித்தானியாவில் ஸ்ரெரோயிட் குளிசை பாவித்த 244,000க்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. நாளொன்றுக்கு 2.5 முதல் 7.5 மில்லிகிராம் வரை பிரெட்னிசொலோன் எடுத்தவர்களுக்கே முள்ளந்தண்டு முறிவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகியது. 7.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு அது ஐந்து மடங்கு; இடுப்பு முறிவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எங்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கும் வழக்கமான குளிசை ஒன்று 5 மில்லிகிராம். ஆகவே 'ஒரு குளிசை' என்பது சிறிய சங்கதி அல்ல.

டெக்சாமெதசோன் விடயத்தில் இன்னும் ஏமாற இடமுண்டு. அதன் அட்டையில் 0.5 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அரை மில்லிகிராம்தானே என்று நினைத்துவிடுவோம். ஆனால் 0.75 மில்லிகிராம் டெக்சாமெதசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமன். இலக்கம் சிறிதென்றால் மருந்து வலுக்குறைந்தது என்று எண்ணவேண்டாம்.

காலத்தைப் பார்த்தால், முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களுக்குள் எலும்பு மிக விரைவாகக் குறைகிறது. ஆண்டுக்கணக்காகப் போட்ட பிறகுதான் கவனிக்கவேண்டும் என்பது தவறு. மூன்று மாதத்துக்கு மேல் எடுக்க நேரிடும் என்று தெரிந்த அன்றே எலும்பைப் பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும். நீண்டகாலம் எடுப்போரில் 100 பேரில் 30 முதல் 50 பேர் வரை எங்கோ ஓர் எலும்பு முறிவைச் சந்திக்கிறார்கள். ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் உண்டு: மருந்தை முறைப்படி நிறுத்திய பின்னர் முறிவின் ஆபத்து விரைவாகக் குறைகிறது. ஐந்து நாள், ஏழு நாள் என்று எப்போதாவது ஒருமுறை எடுப்பதால் எலும்புக்குப் பெரிய கேடில்லை. ஆண்டில் பலமுறை அப்படி எடுத்தால் அதுவும் கூடிக்கொண்டே போகும்.

பெயரில்லாத தூளும் பழைய துண்டும்

பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் 'வாதத்துக்குக் கைகண்ட மருந்து' என்று விற்கப்படும் தூள், உருண்டை, பெயரில்லாத குளிசைப் பொட்டலம் என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் இத்தகைய 'மூலிகை' மருந்துகளைப் பரிசோதித்தபோது, அவற்றுள் ஸ்ரெரோயிட் கலந்திருந்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. முறையாகக் கற்றுத் தொழில் செய்யும் சித்த வைத்தியர்களை நாம் இதில் சேர்க்கவில்லை. அவர்களின் நற்பெயரையும் கெடுப்பவர்கள் இவ்வியாபாரிகள்தாம். மூலிகை மெல்ல வேலை செய்யும் என்பதை எங்கள் பாட்டிமார் அறிவார்கள். இரண்டே நாளில் வலியெல்லாம் பறந்து, ஒரு மாதத்தில் முகம் உருண்டு வந்தால், அந்தத் தூளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்துக்கடைகளுக்கும் பொறுப்புண்டு. ஸ்ரெரோயிட் குளிசை வைத்தியரின் துண்டில்லாமல் விற்கப்படக் கூடாதது. எட்டு மாதத்துக்கு முந்திய, மடித்து மடித்துக் கிழிந்த துண்டுக்கு மருந்து கொடுப்பதும் துண்டில்லாமல் கொடுப்பதும் ஒன்றுதான்.

திடீரென நிறுத்துவது அதிலும் ஆபத்து

இவ்வளவும் வாசித்தபின், வீட்டிலிருக்கும் குளிசையைக் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட யாருக்கேனும் எண்ணம் வந்தால், தயவுசெய்து பொறுங்கள்.

வெளியிலிருந்து ஸ்ரெரோயிட் தாராளமாக வரும்போது அதிரீனல் சுரப்பிகள் வேலையை விட்டு உறங்கிவிடுகின்றன. மூன்று கிழமைக்கு மேல் எடுத்தவருக்கு அவை உடனே விழித்தெழமாட்டா. குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் உடல் சோர்ந்து, சத்தியெடுத்து, தலை சுற்றி, இரத்த அழுத்தம் விழுந்து, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே வைத்தியர் சொல்லும் கணக்குப்படி கிழமைக்குக் கிழமை, மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தவேண்டும். காய்ச்சல், சத்திரசிகிச்சை, வயிற்றோட்டம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "நான் இந்தக் குளிசை எடுக்கிறேன்" அல்லது "அண்மையில்தான் நிறுத்தினேன்" என்று முதலிற் சொல்லவேண்டியதும் இதனாற்றான்.

இடம்பெயர்ந்தோருக்கு உரிய தனி ஆபத்து என்று தொடக்கத்திற் சொன்னது இங்கேதான் வருகிறது. 2004 டிசம்பர் 26 கடற்கோளின்போதும், 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியபோதும், உடுத்த உடையோடு வந்தவர்கள் கிளினிக் கொப்பியையா தூக்கி வந்திருப்பார்கள்? கொப்பி போனால், எந்த மருந்தை எப்போது தொடங்கினார், எவ்வளவால் குறைக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் போய்விடுகிறது. ஒருவர் மருந்தின்றித் திடீரென நிறுத்தப்பட்டு விழுகிறார். இன்னொருவர் பழைய அளவையே ஆண்டுக்கணக்கில் தனியார் கடையில் வாங்கிப் போடுகிறார். குறைப்பதற்கு உரியவர் அவரைப் பார்க்கவே இல்லை. நாம் சந்தித்த குடும்பங்களில் இந்த இரண்டாவது வகையே அதிகம். முகாமில் ஒரு வைத்தியர், உறவினர் வீட்டிலிருந்தபோது இன்னொருவர், மீளக்குடியமர்ந்த பின் வேறொருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்க, குளிசை மட்டும் மாறாமல் கூடவே வந்திருக்கிறது.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. ஒரு சிறு கடதாசியில் நோயின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தொடங்கிய திகதி, கடைசியாகக் குறைத்த திகதி என்பவற்றைக் கிளினிக்கிலுள்ள தாதியிடமோ மருந்து கொடுப்பவரிடமோ எழுதுவித்து, அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தாலும் கையோடு வரும். மருந்து முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டு வருத்தக்காரருக்கும் வாதக்காரருக்கும்

"பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது, குளிசையே நல்லது" என்ற கதை எங்கள் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. இது தலைகீழான கணக்கு. தினமும் பாவிக்கின்ற தடுப்புப் பம்பிலும் ஸ்ரெரோயிட்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இழுப்பில் வருவது வழமையாக 100 மைக்ரோகிராம் அளவு. 5 மில்லிகிராம் குளிசை என்பது 5000 மைக்ரோகிராம். பம்பின் மருந்து நேரே சுவாசக் குழாய்க்குப் போய் வேலை செய்வதால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமாயிருக்கிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் விழுங்கப்படுவதும் குறையும். மிக அதிக அளவில் நெடுங்காலம் பாவித்தால் பம்பும் எலும்பைச் சிறிது தொடலாம். எனினும் பம்பை ஒழுங்காகப் பாவிப்பவர் குளிசைக்குப் போகவேண்டிய நாட்கள் குறைகின்றன. எலும்பு தப்புவது அங்கேதான்.

மூட்டுவாதத்துக்கும், நோயை அடக்கி ஸ்ரெரோயிட்டின் அளவைக் குறைக்க உதவும் வேறு மருந்துகள் உண்டு. கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்சேற் அவற்றுள் முக்கியமானது. அதனை நாள்தோறும் எடுத்தால் உயிராபத்து. ஆகவே கிளினிக்கின் மேற்பார்வையில்லாமல் அதனைத் தொடவே கூடாது. "இந்தக் குளிசையை இன்னும் குறைக்க முடியுமா, டொக்டர்?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

எலும்புக்கு வேண்டியவை

ஸ்ரெரோயிட் எடுப்பவருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியமும், 600 முதல் 800 அலகு விற்றமின் டியும் வேண்டும். பால்மாப் பெட்டி வாங்க வசதியில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது; ஒரு தம்ளர் பசும்பாலில் இருப்பது 240 மில்லிகிராம் அளவே. முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலி, தயிர், எள்ளு, வேலியோரத்து முருங்கையிலை எல்லாம் நல்லவை. வயலில் நிற்பவருக்கு வெயில் தாராளம், அதனால் விற்றமின் டி ஓரளவு கிடைக்கும். வருத்தத்தால் கொட்டிலுக்குள்ளேயே இருப்பவர் கையிலும் காலிலும் சிறிது வெயில் படும்படி வெளியே வந்து இருக்கவேண்டும். உணவில் எட்டாத மிகுதிக்குக் கிளினிக்கில் குளிசை தருவார்கள்.

ஆனால் கல்சியம் மட்டும் எல்லாரையும் காக்காது. வயது கூடியவர், மாதவிடாய் நின்ற பெண், முன்பே எலும்பு முறிந்தவர், கூடிய அளவில் ஸ்ரெரோயிட் எடுப்பவர் ஆகியோருக்கு அலென்ட்ரோனேற் போன்ற மருந்தை வைத்தியர் எழுதக்கூடும். வழமையாகக் கிழமைக்கு ஒன்று, 70 மில்லிகிராம். அதனைக் காலையில் வெறுவயிற்றில் ஒரு தம்ளர் நிறைந்த வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்கவேண்டும். தேநீரோடு எடுத்தால் பயனில்லை. விழுங்கிவிட்டுச் சரிந்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இம்மருந்தும், சிலவேளை கல்சியக் குளிசையும் ஒவ்வாது. வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவியிருப்பதால், அப்பகுதியினர் இதனை வைத்தியருக்கு நினைவுபடுத்துவது நல்லது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் தமது நிலையைச் சொல்லவேண்டும். சுருட்டும் சாராயமும் எலும்புக்குப் பகை.

வேலை செய்யாமல் இருக்கச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யார் கேட்பார்கள்? நடையும் அளவான உழைப்பும் எலும்புக்கு உரமே. முதுகை வளைத்துப் பாரம் தூக்குவதுதான் கூடாது. ஒரு நிறைவாளியை இரண்டு அரைவாளியாகக் கொண்டுவாருங்கள். முழங்காலை மடித்துக் குந்தி, பாரத்தை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். நெல்மூட்டையை மகன் தூக்கட்டும். கொட்டிலைச் சுற்றிக் கட்டிய தறப்பாள் கயிறு, கிணற்றடிப் பாசி, இரவில் மலசலகூடத்துக்குப் போகும் இருட்டுப் பாதை என்பவையே எங்களிடையே ஆட்களை விழுத்துகின்றன. கயிற்றில் ஒரு வெள்ளைத் துணி கட்டலாம். தலைமாட்டில் ஒரு ரோச் லைற் வைக்கலாம்.

ஸ்ரெரோயிட் எடுப்பவருக்குத் திடீரென நாரியோ முதுகோ நொந்தால் உருவவோ, மிதிக்கவோ, சொடக்கு எடுக்கவோ யாரையும் விடவேண்டாம். நசிந்த எலும்பு மேலும் நசியும். வயோதிபர் ஒருவர் விழுந்து, ஒரு கால் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அது பெரும்பாலும் இடுப்பு எலும்பு முறிவு. வீட்டில் வைத்துப் பத்துக் கட்டிக் காத்திருந்தால் படுக்கைப் புண்ணும் சளிக் காய்ச்சலும் வந்து சேரும். பலகையிலோ கட்டிலிலோ கிடத்தி, காலை அசைக்காமல், அன்றைக்கே சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். புறப்படும்போது அந்தப் பொலித்தீன் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.